எவர்சில்வர் மேல் ஒரு புகார்

செத்துப்போனவரை நேரில் வந்து பதில் சொல்லச் சொல்லிக் கடிதம் வந்திருந்தது. வராவிட்டால், வராததற்குத் தக்க காரணத்தை எழுத்தில் தர வேண்டுமாம். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து அன்றைக்குப் பதினேழாவது நாள். இரண்டு தரம் படித்தேன். மூன்றாவது தரம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தேன். அப்போதும் அதேதான் எழுதியிருந்தது.

குற்றம்: பொய் அபாய மணி அடித்தது.

அனுப்பியது பொதுக் கட்டடங்கள் உறுதி வாரியம். அவர் முப்பத்தொரு வருஷம் ஃபிட்டராக இருந்த இடம். வாசலில் பித்தளை எழுத்தில் ‘நாங்கள் உறுதி என்றால் உறுதியாகவே இருக்கும்’ என்று பதித்திருப்பார்கள். கடைசி இரண்டு எழுத்தும் விழுந்துபோய்ப் பல வருஷம் ஆகிறது. யாரும் புகார் கொடுக்காததால் அவை விழவில்லை என்றே வைத்திருக்கிறார்கள்.

கதையைக் கொஞ்சம் பின்னால் போய்ச் சொன்னால்தான் புரியும்.

வாரியத்துக்கு ஒரு நீச்சல் மண்டபம் உண்டு. வெந்நீர்க் குளம். தலைக்கு மேலே ஒரு தொங்கும் கூரை. அதற்கும் அசல் கூரைக்கும் நடுவே ஆள் தவழ்ந்து போகிற அளவுக்கு ஓர் இருட்டுச் சந்து. தொங்கும் கூரையை இருநூற்றெட்டுக் கம்பிகள் பிடித்துக்கொண்டிருந்தன. சுண்டுவிரல் பருமன். தலைமாட்டில் கொக்கியாக வளைத்தவை. எல்லாம் எவர்சில்வர். மாதம் ஒரு முறை இவர் சுத்தியலோடு மேலே தவழ்ந்து, ஒவ்வொரு கம்பியையும் ஒரு தட்டுத் தட்டிக் கேட்க வேண்டும். நல்ல கம்பி ‘டிங்’ என்று சொல்லும். கெட்ட கம்பி ‘டொக்’ என்று சொல்லும். இருபத்தொன்பது வருஷமாக டிங்கைத் தவிர வேறொன்றும் கேட்டதில்லை. அதனால் அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. சாயங்காலம் செருப்பைக் கழற்றியதும் என் உச்சந்தலையில் விரல் முட்டியால் ஒரு தட்டு. காதைச் சாய்த்துக் கேட்பார்.

“டிங். நல்லாத்தான் இருக்கே.”

“உள்ள ஒண்ணுமில்லேன்னு சொல்றீங்களா?”

“காலியா இருந்தா இன்னும் நல்லா கேக்கும்.”

இப்படி ஒரு மனுஷன்.

ஒரு நாள் எங்கள் வீட்டு உப்பு டப்பாவில் கிடந்த கரண்டி உடைந்தது. சின்ன எவர்சில்வர் கரண்டி. டப்பா மூடி மூடவில்லை என்று எப்போதோ கழுத்தை வளைத்துவிட்டிருந்தேன். அடுப்பு ஓரத்திலேயே இருக்கும் டப்பா. சூடும் ஆவியும் அடிக்கும். அன்றைக்கு உப்பை அள்ளினேன், கையில் காம்பு வந்தது, கரண்டி உப்பிலேயே நின்றுவிட்டது. பென்சில் முனை உடைகிற மாதிரி. மேலே பார்த்தால் முகம் தெரிகிற பளபளப்பு.

அவர் இரண்டு துண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து அரை மணி நேரம் பார்த்தார். சாப்பாடு ஆறிப்போனது.

“இங்க பாரு. வளைச்ச எடத்துலதான் விட்டிருக்கு. வளைச்ச எடம் எப்பவும் இழுத்துப் புடிச்சுக்கிட்டே இருக்கும், அதுக்கு ஓய்வே கெடையாது. அங்க போயி உப்பு உக்காந்துக்கிச்சு. இழுப்பு மட்டும்னா நூறு வருஷம் தாங்கும். உப்பு மட்டும்னா ஒரு புள்ளி விழும், தொடச்சுட்டுப் போயிடலாம். ரெண்டும் ஒரே எடத்துல கூட்டு சேந்துச்சுன்னா, உள்ளுக்குள்ள முடி மாதிரி கீறிக்கிட்டே போகும். வெளிய பளபளன்னு இருக்கும். ஒரு நாள் சொல்லாம கொள்ளாம விட்டுரும்.”

“என்னையும் அப்படித்தானே வெச்சிருக்கீங்க, பாரமும் உப்புமா.”

“அதனாலதான் தெனம் தட்டிப் பாக்கறேன்” என்றார். ஆனால் சிரிக்கவில்லை. “குளத்துல கொட்டற மருந்து, அந்தக் குளோரின், உப்புக்கு அண்ணன் தம்பி. ஆவி பூரா மேலதான் போகுது. அங்க இருநூத்தெட்டுக் கொக்கி வளைஞ்சு நிக்குது. கீழ பிள்ளைங்க.”

மறுநாள் முறை நாள் இல்லாதபோதே மேலே தவழ்ந்தார். பதினான்கு கம்பிகள் டொக்.

புகார் கொடுக்கப் போனார். பதிவேட்டு மேசையில் இருந்தது சின்ன வயதுப் பெண். நல்ல பெண்தான், இவரை அண்ணே என்றுதான் கூப்பிடும். பெரிய பதிவேட்டைத் திருப்பிக் காட்டியது. பொருள்: துருப்பிடிக்காத எஃகுக் கம்பி. அதற்கு நேரே ‘துரு’ என்ற கட்டத்தில் மேலிருந்து கீழ் வரை கறுப்புக் கோடு இழுத்திருந்தார்கள்.

“பேரே துருப்பிடிக்காததுண்ணே. அதுல துருன்னு எப்படி எழுதறது? நான் எழுதினா பதிவேடு பொய் சொன்ன மாதிரி ஆயிடாதா?”

“துருன்னு எழுத வேண்டாம்மா. விரிசல்னு எழுதிக்க.”

“விரிசல்னா எத்தன மில்லிமீட்டர்?”

“முடியை விட மெல்லிசு. அளக்க வராது.”

“அப்ப சைபர்னு போடணும். சைபர் விரிசல்னா விரிசல் இல்லேன்னு அர்த்தம். உங்க புகாரை நீங்களே மறுத்த மாதிரி ஆயிடும்ணே.”

“தட்டினா டொக்குங்குது.”

“அது சத்தம். சத்தப் புகார் அக்கம்பக்கத் தொந்தரவுப் பிரிவு. மூணாவது மாடி.”

மூன்றாவது மாடியில், அந்தச் சத்தத்தால் யாருடைய தூக்கம் கெட்டது என்று கேட்டார்கள். “என் தூக்கம்” என்றார் இவர். நீங்களே தட்டி, நீங்களே தூக்கம் கெட்டால் அது சொந்த விவகாரம் என்று திருப்பி அனுப்பினார்கள்.

கம்பியின் பெயரை மாற்றினால் கட்டம் திறக்கும் என்று யாரோ சொன்னார்கள். பெயர் மாற்ற ஒரு குழு இருக்கிறது. ஒரு பொருளின் மேல் புகார் பதிவாகியிருந்தால்தான் அதன் பெயரைக் குழு எடுத்துப் பேசும். பெயர் மாறினால்தான் புகார் பதிவாகும். இவர் அந்த வட்டத்தை ஏழு மாதம் சுற்றினார். உடைந்த கரண்டியையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டே சுற்றினார். ‘சமையல் பாத்திரம் வாரியத்தின் வரம்புக்குள் வராது’ என்று கரண்டிக்கு மட்டும் எழுத்தில் பதில் வந்தது. கரண்டிக்குக் கூட ஒரு நம்பர் போட்டிருந்தார்கள். கம்பிக்கு இல்லை.

தினமும் செருப்பைக் கழற்றும்போதே கேட்பேன். “நம்பர் கிடைச்சுதா?”

“இல்ல.” அப்புறம் ஒரு தட்டு. “நீ டிங்தான். அது போதும்.”

ஒரு தரம் நிபுணர் ஒருவரை வரவழைத்தார்கள். அவர் சந்துக்குள் தவழ மாட்டேன் என்றுவிட்டார், சட்டை புதுசு. ஒரு கம்பியைக் கழற்றிக் கீழே கொண்டுவரச் சொன்னார். இவர் டொக் கம்பி ஒன்றைக் கொண்டுவந்தார். நிபுணர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பையிலிருந்து சீப்பை எடுத்து, கம்பியில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொண்டார். அதையே அறிக்கையாகவும் எழுதினார்: ‘முகம் தெளிவாகத் தெரிகிறது.’

அந்த அறிக்கை வந்த சந்தோஷத்தில் வாரியம் ஒரு பலகை செய்தது. ‘இந்தக் கூரை பாதுகாப்பானது.’ இரும்புச் சட்டம், கண்ணாடி எழுத்து, உள்ளே விளக்கு. நாலு பேர் தூக்குகிற எடை. அதை எங்கே மாட்டினார்கள் என்கிறீர்கள்? அந்தக் கூரையிலேயேதான். நடு மண்டபத்தில் தெரிய வேண்டும் அல்லவா. மாட்டச் சொன்னது இவரைத்தான், ஃபிட்டர் இவர்தானே. அன்றைக்கு வீட்டுக்கு வந்து என் தலையில் தட்டவில்லை. கையைக் கழுவிக்கொண்டே இருந்தார்.

“விட்டுட்டு வந்துடுங்க. இன்னும் ரெண்டு மாசந்தானே ஓய்வுக்கு” என்றேன்.

“நான் வந்துடுவேன். பிள்ளைங்க?”

வியாழக்கிழமை. காலை பத்து மணிக்குச் சின்னப் பிள்ளைகள் வகுப்பு. இவர் மேலே இருந்தார். இதையெல்லாம் நீச்சல் டீச்சர்தான் பிறகு எனக்குச் சொன்னாள், என் கையைப் பிடித்துக்கொண்டு, விக்கி விக்கி. மேலேயிருந்து ‘டக்’ என்று ஒரு சத்தம். கொஞ்சம் பொறுத்து இன்னொரு டக். அது தட்டுகிற சத்தம் இல்லையாம், விடுகிற சத்தமாம். இவர் ஏணியில் பாதி இறங்கிப் பாதி குதித்தாராம்.

கூரைக்காக மண்டபத்தைக் காலி செய்ய வேண்டுமென்றால் புகார் நம்பர் வேண்டும். இல்லாமல் சொன்னால் காவல்காரர் கதவைத் திறக்க மாட்டார், அப்படித்தான் உத்தரவு. ஆனால் தண்ணீரில் மருந்து அதிகமாகிவிட்டால் மட்டும் யார் வேண்டுமானாலும் மஞ்சள் மணியை அடிக்கலாம். உடனே எல்லாக் கதவும் திறந்தாக வேண்டும். இவர் மஞ்சள் மணியை அடித்தார்.

“மருந்து ஏறிப்போச்சு! மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடுங்க, கண்ணுங்களா! ஓடு, ஓடு!”

பிள்ளைகள் விளையாட்டு என்று நினைத்து மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டே ஓடினார்களாம்.

வெளியே புல்வெளியில் டீச்சர் தலையை எண்ணினாள். இருபத்திரண்டு. வருகைப் பதிவேட்டைப் பார்த்தாள். இருபத்துமூன்று. திரும்ப எண்ணினாள். இருபத்திரண்டு. “அண்ணே, ஒண்ணு குறையுது!” என்று கத்தினாள்.

இவர் உள்ளே ஓடினார்.

அந்த இருபத்துமூன்றாவது பிள்ளை காய்ச்சலோடு வீட்டில் படுத்திருந்தது. வாரியத்தில் திங்கட்கிழமையே வாரம் முழுவதற்கும் வருகை போட்டுவிடுவார்கள். தினமும் போட்டால் மை வீணாம். காகிதத்தில் அந்தப் பிள்ளை வந்திருந்தது. என் வீட்டுக்காரர் உடை மாற்றும் அறை, குளியலறை, குளத்தடி என்று அதைத் தேடிக்கொண்டிருந்தபோது, இல்லாத பிள்ளைக்கும் இருந்த மனுஷனுக்கும் மேலே கூரை இறங்கியது. ‘பாதுகாப்பானது’ என்ற எழுத்து மட்டும் உடையாமல் கிடந்ததாக டீச்சர் சொன்னாள். உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்ததாம்.

இனி விசாரணைக்கு வருகிறேன்.

நீள மேசை. ஐந்து பேர். நடுவில் இயக்குநர். ஒரு காலி நாற்காலிக்கு முன்னால் இவர் பெயர் எழுதிய அட்டை. நான் அதில் உட்காரப் போனேன். “அது குற்றம் சாட்டப்பட்டவருக்கு” என்று எனக்கு ஒரு முக்காலி போட்டார்கள். எல்லோரும் கொஞ்ச நேரம் காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவர் ஏதாவது சொல்வார் என்பது போல.

இயக்குநர் எழுந்து நின்றார். குரல் நல்ல குரல்.

“முதல்ல ஒண்ணு தெளிவுபடுத்திடறேன். கூரை விழுந்த விஷயத்தை இங்க யாரும் பேச வேண்டாம். அது வேற கோப்பு. அந்தக் கோப்பைத் திறக்கப் புகார் நம்பர் வேணும். நம்பர் இல்லாததால அந்தக் கூரை எங்க கணக்குல இன்னும் விழல. நாங்க எதையும் மறைக்கல. எங்ககிட்ட மறைக்கறதுக்கு எந்தத் தகவலும் இல்ல. இருபத்தஞ்சு வருஷமா ஒரு துருப் புகார்கூடப் பதிவாகாத வாரியம் இது. இதுக்காக நாங்க எவ்வளவு பாடுபட்டிருக்கோம்னு உங்களுக்குத் தெரியாது.”

பக்கத்திலிருந்தவர்கள் தலையசைத்தார்கள். ஒருவருக்குக் கண் கலங்கியது.

“ஒரு பொருள் உறுதின்னு நாங்க எழுதிட்டா, அப்புறம் உறுதியா இருக்க வேண்டியது அந்தப் பொருளோட பொறுப்பு. நம்ம ஃபிட்டர் என்ன பண்ணார்? நம்பாம தட்டித் தட்டிப் பாத்தார். தெனம் ஒருத்தரை நீ நல்லவன்தானான்னு தட்டிக் கேட்டா, அவன் எத்தன நாள் நல்லவனா இருப்பான்? சரி, அதுவும் வேற கோப்பு.” ஒரு தாளை எடுத்தார். “அம்மா, மஞ்சள் மணியை அடிச்சது உங்க கணவர்தானே?”

“ஆமாங்க.”

“சம்பவம் நடந்து இருபதாவது நிமிஷம் குளத்துத் தண்ணியைச் சோதிச்சிருக்கோம்.” இடிபாட்டுக்கு நடுவில் போய்த் தண்ணீர் மொண்டிருக்கிறார்கள். “மருந்து இம்மி கூடல, இம்மி குறையல. அப்ப அவர் அடிச்சது?”

“பொய்யிங்க.”

நான் உடனே ஒத்துக்கொண்டதில் அவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

“பொய்னு தெரிஞ்சே அடிச்சாரா?”

“தெரிஞ்சேதான் அடிச்சார்.”

“ஏன்?”

“உண்மைக்குன்னு நீங்க மணி வைக்கலீங்களே.”

சுருக்கெழுத்துக்காரர் நிமிர்ந்து பார்த்தார். இயக்குநர், “அதை எழுத வேண்டாம், கேள்விக்குப் பொருத்தமில்ல” என்றார்.

“இருபத்திரண்டு பிள்ளைங்க உசுரோட இருக்குதுங்களே. அதையாவது எழுதிக்குவீங்களா?”

“அவங்களுக்கு ஒண்ணும் ஆகலையேம்மா. ஒண்ணும் ஆகாததை எந்தக் கட்டத்துல எழுதறது?” உண்மையாகவே தெரியாமல் கேட்கிற முகம். கெட்டவராக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு வந்திருப்பேன்.

தீர்ப்பு அரை மணியில் வந்தது. குற்றம் நிரூபணம். ஒரு மாதம் பணியிடை நீக்கம். அவர் இறந்த நாளிலிருந்தே வேலைக்கு வராததால், தண்டனையை ஏற்கெனவே அனுபவித்துக்கொண்டிருப்பதாகக் கருணையோடு எடுத்துக்கொண்டார்கள். பிறகு எல்லோரும் எழுந்து நின்று, நீண்ட காலச் சேவைக்காக எனக்கு ஒரு எவர்சில்வர் கூஜா கொடுத்தார்கள். அவருடைய ஓய்வு விழாவுக்காக முன்னாலேயே செய்து வைத்தது. ‘துருப்பிடிக்காத சேவைக்கு’ என்று அவர் பெயரோடு பொறித்திருந்தது. அதன் மேல் அடுத்தவர் பெயரைப் பொறிக்க முடியாதாம், எனக்குக் கொடுக்காவிட்டால் வீணாகிவிடுமாம்.

வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவர் படத்துக்குப் பக்கத்தில் வைக்க மனசு வரவில்லை. அன்று சாயங்காலம் செருப்பைக் கழற்றிவிட்டு, வழக்கம்போலத் தலையைக் கொஞ்சம் முன்னால் சாய்த்தபடி நின்றிருக்கிறேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பக்கத்து வீட்டுக்காரி, “என்னக்கா, ஏதாவது தொலைச்சுட்டீங்களா?” என்று கேட்ட பிறகுதான் நிமிர்ந்தேன்.

அப்புறம் கூஜாவை எடுத்தேன். கழுத்தளவு உப்பைப் போட்டேன். தண்ணீர் ஊற்றினேன். அடுப்பு ஓரத்தில், பழைய உப்பு டப்பா இருந்த இடத்திலேயே வைத்தேன்.

தினமும் பார்ப்பேன். பளபளப்பு குறையவில்லை. என் முகம் தெரியும். இரண்டு மாதம், மூன்று மாதம். “அவசரப்படாத, அது உள்ள வேலை பாக்கும்” என்று அவர் சொல்கிற மாதிரி இருக்கும். எட்டாவது மாதம் ஒரு காலை, அடுப்பு மேடையில் கூஜாவுக்குக் கீழே ஒரு ஈர வளையம். தவிட்டு நிறம். கூஜாவைத் தூக்கிப் பார்த்தேன். அடித்தகட்டைச் சுற்றி மடித்து அடித்திருப்பார்களே, அந்த மடிப்பில், ஊசி குத்தின மாதிரி. வளைத்த இடத்தில்தான். ஐயோ, சொன்னபடியே, அதே இடத்தில்தான்.

மேடையில் உட்கார்ந்து அழுதேன். சாவுக்குக்கூட அப்படி அழவில்லை.

பிறகு முகம் கழுவிக்கொண்டு, கூஜாவைத் தண்ணீரோடு தூக்கிக்கொண்டு வாரியத்துக்குப் போனேன். பதிவேட்டு மேசையில் அதே பெண். என்னைக் கண்டதும் எழுந்து நின்றது.

“புகார் கொடுக்க வந்தேம்மா. வாரியம் கொடுத்த இந்தக் கூஜா துருப்பிடிச்சிருக்கு.”

“அம்மா…” என்று இழுத்தது. “எவர்சில்வர்மா இது. துருக் கட்டத்துல கோடு போட்டிருக்காங்க. என்னை என்ன பண்ணச் சொல்றீங்க?”

“ஒண்ணும் பண்ண வேண்டாம். தூக்கிட்டு நடந்து வந்ததுல கை வலிக்குது, கொஞ்சம் வெச்சுக்கறேன்.”

திறந்திருந்த பதிவேட்டின் மேல் கூஜாவை வைத்தேன். குடிக்கத் தண்ணீர் கேட்டேன். அது போய் எடுத்துவந்தது. நிதானமாகக் குடித்தேன். கல்யாணம் ஆகிவிட்டதா, பிள்ளைகள் உண்டா என்று இரண்டு பேச்சுப் பேசினேன். சின்ன மகள் ஒருத்தி இருக்கிறாளாம். அவளை நீச்சலுக்குத்தான் அனுப்பிக்கொண்டிருந்ததாம். அந்த வியாழக்கிழமை காய்ச்சல் என்று அனுப்பவில்லையாம்.



கூஜாவைத் தூக்கினேன். கறுப்புக் கோட்டின் மேல், துருக் கட்டத்துக்குள், ஒரு தவிட்டு வளையம் ஊறிக்கொண்டிருந்தது. இரண்டு தாள் தாண்டிக் கீழேயும் இறங்கியிருந்தது.

அந்தப் பெண் மையொற்றும் தாளை எடுத்தது. எடுத்த கையோடு அப்படியே நின்றது. அப்புறம் அதை இழுப்பறையில் போட்டு மூடிவிட்டு, பேனாவை எடுத்து, வளையத்துக்கு நடுவில் எழுதியது. எழுத்து தெளிவாக இருந்தது.

புகார் எண் 1.

வேகமாக நடந்து வந்தேன். இந்த வயதில் அப்படி நடக்கக் கூடாது. கதவைத் திறந்து, செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டேன். “நம்பர் கிடைச்சுதுங்க!”

தலையைக் கொஞ்சம் முன்னால் சாய்த்தேன்.

கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, விரலை மடக்கி, என் உச்சந்தலையில் நானே ஒரு தட்டுத் தட்டினேன்.

டொக் என்றது.